நாலுக்குள் ஒன்று

கடலில் எடுத்ததாம்.
மூதூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்த சுபைதீன்,
கடலட்டை குளிக்கிறவர்,
சாரத்தின் மடிப்பிலிருந்து உருட்டி எடுத்துக்
கண்ணாடித் தட்டில் வைத்தார்.
ஒல்லாந்தர் செப்புக்காசு. ஒரு பக்கம் கேடயமும் சிங்கமும்,
மறுபக்கம் கொம்பனியின் மூன்றெழுத்து, கீழே ஆண்டு.

நான் முதலில் பார்ப்பதில்லை, மணக்கிறேன்.
கிழட்டுச் செம்புக்கு மணம் கிடையாது.
நேற்றுப் பச்சை பிடிக்கவைத்தது
பசளை மூட்டையாய் நாறும்.
இது கொஞ்சம் நாறியது.
அதை வைத்து ஒருவரைக் கள்ளன் என்றுவிடலாமா?
சாரத்தின் மடிப்பில் புகையிலையும் இருந்திருக்கும்.

பிறகு விளிம்பு.
வார்த்த காசென்றால் சுற்றிவர ஓட்டும் நகத்தில்
ஒரு தையல் தட்டும். தட்டவில்லை.
அடித்த காசுதான். நிறையும் சரி.

பிறகு வில்லை.
சிங்கத்துக்குப் பிடரி போய்விட்டது.
மூன்றெழுத்தில் ஒன்று வெறும் வீக்கம்.
அம்மைத் தழும்பு மாதிரிக் குழி குழியாய்
உப்பு எல்லாவற்றையும் நக்கியிருக்கிறது,
ஆண்டின் கடைசி இலக்கத்தைத் தவிர.
அது மட்டும் இன்றைக்குப் பிறந்ததுபோல: நாலு.

கடலுக்கு வாசிக்கத் தெரியுமா?

சரித்துப் பிடித்தேன்.
நாலைச் சுற்றி மெல்லிய பள்ளம்,
நாய் படுத்தெழும்பிய மணல் போல.
யாரோ ஊசி உளியால்
பக்கத்துச் செம்பைத் தள்ளித் தள்ளிக் குவித்து
ஓர் ஒன்றுக்குக் கையும் முழங்கையும் வைத்திருக்கிறான்.
பச்சை அந்தக் கீறல்களுக்குள் இறங்கவில்லை,
மேலே கிடக்கிறது.

“நாலெண்டாத்தான் விலையாம்” என்றார் சுபைதீன்.
அந்த ‘ஆம்’ போதும்.
டச்சுக் குடாவில் சங்கு விற்கிற ஒருவனிடம்
எஞ்சின் திருத்த வைத்திருந்த பணத்தைக் கொடுத்து
இதை வாங்கியிருக்கிறார்.

உடனே சொல்லியிருக்கலாம்.

எண்பத்தாறில் என் பள்ளிக்கூட அட்டையில்
பிறந்த ஆண்டின் கடைசி இலக்கம் ஒன்று.
அக்கா தவமலர் மூச்சைப் பிடித்துக்கொண்டு
இரண்டு கோடு போட்டாள்.
பதினைந்து பன்னிரண்டு ஆனது.
நீலத்துக்குள் வேறொரு நீலம் தெரிந்தது;
தேயிலைச் சாயத்தில் விரலை நனைத்துத் தேய்த்தாள்.
சவர அலகொன்றால் என் அரும்பு மீசையை வழித்தாள்.
மேலுதட்டில் சின்ன வெட்டு. அதற்கும் சாயம்.

உவர்மலைச் சந்தியில் பஸ்ஸை மறித்தார்கள்.
ஆமிக்காரன் அட்டையை வெயிலுக்கு நேரே தூக்கினான்.
சரித்தான்.
கட்டைவிரலால் நாலை ஒருமுறை தடவினான்.
என் உதட்டைப் பார்த்தான்.
பத்து எண்ணலாம், அவ்வளவு நேரம்.
பிறகு அவனே என் சட்டைப்பைக்குள் செருகிவிட்டு
அடுத்தவனிடம் கை நீட்டினான்.

அடுத்து நின்றவன் செல்வநிதி.
என்னைவிட நாலு மாதம் மூத்தவன்.
அவனுடைய அட்டையில் ஒரு திருத்தமும் இல்லை.
அவனை இறக்கினார்கள்.

ஆமிக்காரனுக்குக் கண் பழுது என்றுதான்
கனகாலம் சொல்லித் திரிந்தேன்.
இந்த மேசையில் குந்தி, வில்லையைக் கையில் எடுத்து,
நூறு காசு பார்த்த பிறகுதான் விளங்கியது:
சரித்துப் பிடிக்கிறவன்
ஏற்கெனவே கண்டுகொண்டவன்.

“என்ன அண்ணன், மெய்தானே?”

வாசலில் கோட்டைப் பக்கத்து மான் ஒன்று
செருப்புக்கடை அட்டைப்பெட்டியை மென்றுகொண்டிருந்தது.

“காசு மெய்” என்றேன்.
கொஞ்சம் பொறுத்து, “நாலு பொய்.”

கோபப்படவில்லை. வில்லையை வாங்கி
ஒரு கண்ணை மூடி, தண்ணீருக்குள் பார்க்கிறவர் மாதிரி
நெடுநேரம் பார்த்தார்.
வெளிச்சத்துக்குத் தூக்கினார். சரித்தார்.
பள்ளம் தெரிந்திருக்க வேண்டும், வாயால் ஒரு காற்று விட்டார்.
காசை மடிப்பில் சுருட்டினார்.
படியில் இறங்கப் போனவர் திரும்பிக் கேட்டார்:

“வெள்ளக்காரன் இப்பிடிச் சரிச்சுப் பாப்பானா?”

நான் வில்லையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.